கீழேயிருந்து அடித்த வெயில்

என் தாடைக்கு அடியில் சொரசொரவென்று ஏதோ இருப்பதை முதலில் அறிந்தவை அம்மாவின் விரல்கள். நான் வேலைக்குக் கிளம்பும் முன் முகத்திலும் கழுத்திலும் தேங்காய் எண்ணெய் தேய்த்துவிடுவது அவளுடைய காலை வேலைகளில் ஒன்று. எனக்கு இருபத்தாறு வயது, பி.காம். முடித்தவன். ஆனாலும் அந்த ஒரு காரியத்தை மட்டும் அவள் என்னிடம் விட்டதில்லை.

“ஏய்யா, நறநறங்குது பாரு. உப்புப் பூத்திருக்கு. நல்ல தண்ணில கழுவுனியா இல்லையா?”

“கழுவுனேம்மா.”

“கழுவுன லெச்சணந்தான் தெரியுதே.”

எங்கள் வீட்டில் வெள்ளையாகப் படிந்து காய்ந்து கிடப்பது எதுவானாலும் அது உப்புதான். அப்பாவின் கால்விரல் இடுக்கில் இருக்கும், அம்மாவின் சேலைக் கரையில் இருக்கும், சைக்கிள் கம்பியில் இருக்கும். இருவரும் தூத்துக்குடிக்கு வடக்கே, தருவைகுளம் போகிற வழியில் ஓர் உப்பளத்தில் வேலை செய்கிறவர்கள். அப்பா பாத்தியில் இறங்கி உப்பு வாருவார். அம்மா அதைத் தலையில் சுமந்து கரை சேர்ப்பாள். அப்படிப்பட்ட வீட்டுப் பையன் கழுத்தில் வெள்ளைப் பொருக்கு இருந்தால் யாருக்கு வேறு சந்தேகம் வரும்? தேங்காய் நாரை எடுத்துத் தேய்த்தோம். பொருக்கு உதிர்ந்தது. அடியில் சிவந்திருந்தது, சில நாள் ஒரு சொட்டு ரத்தமும் வந்தது. எண்ணெய் வைத்ததும் அடங்கியது. பிறகு அதே இடத்தில் மறுபடி பொருக்கு, மறுபடி நார். இப்படியே ஓர் உப்புக் காலம் முழுவதும் போனது.

இதை நான் எழுதுவதற்கு அந்த நார்தான் காரணம். எங்களைப் போல வேறு எந்த வீட்டிலாவது யாராவது இப்போது தேய்த்துக்கொண்டிருந்தால் நிறுத்திவிட்டு டாக்டரிடம் காட்ட வேண்டும்.

நான் பிறவியிலேயே நிறம் இல்லாதவன். ஆல்பினிசம் என்று இதற்குப் பெயர். தோலுக்கும் முடிக்கும் கண்ணுக்கும் கறுப்பைக் கொடுக்கிற சாயம் ஒன்று உண்டு, மெலனின் என்பார்கள். அது என் உடம்பில் சரியாக ஊறுவதில்லை. அம்மாவும் அப்பாவும் நல்ல கறுப்பு. எனக்கு மட்டும் தலைமுடி, புருவம், கண்ணிமை எல்லாம் வெளுப்பு. கண்ணும் மங்கல். எழுத்தை மூக்குக்கு நேராகப் பிடித்துத்தான் வாசிப்பேன். மனித முகம் ஒரு சாண் தூரத்துக்குள் வந்தால்தான் தெளிவாகத் தெரியும். அதற்கு அப்பால் உருவமும் குரலும்தான். முதல் பெஞ்சில் உட்கார்ந்து, கரும்பலகையைப் போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்து, எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆளாக, பட்டமும் வாங்கிவிட்டேன்.

உப்பளத்தில் எனக்குத் ‘தொர’ என்று பெயர். வெள்ளைக்காரத் துரை. கேலிதான், ஆனால் கூப்பிட்டுக் கூப்பிட்டு அதில் இருந்த முள் மழுங்கிவிட்டது.

“இவன் மேல வெயில் படக்கூடாது.” என்னைப் பொறுத்தவரை அப்பாவுக்கு இருந்த ஒரே சட்டம் அது. குடை, தலைத்துண்டு, முழுக்கைச் சட்டை என்றுதான் வளர்ந்தேன். பட்டம் வாங்கியபின் துறைமுகப் பக்கம் இருந்த சில கம்பெனிகளில் வேலை கேட்டுப் போனேன். பேப்பரை நான் மூக்குக்குக் கொண்டுபோனதைப் பார்த்ததும் அவர்கள் குரல் மாறிவிடும். கடைசியில் அப்பாதான் உப்பள முதலாளியிடம் கேட்டு எனக்கு ஓர் இடம் வாங்கினார். அப்பா யாரிடமும் எதையும் கேட்கிறவர் அல்ல. எந்நேரமும் நெற்றியைச் சுருக்கி முகத்தைச் சுளித்தபடி இருப்பதாக, அதனால் ‘கோவக்காரன்’ என்று அவருக்குப் பெயர் இருப்பதாக, எல்லோரும் சொல்வார்கள். அவ்வளவு தூரத்தில் எனக்கு முகம் தெரியாது, ஆகவே நானும் அதை நம்பினேன். அப்படிப்பட்டவர் எனக்காகப் போய் நின்றார்.

வேலை தட்டுமேட்டில். வாரிய உப்பைக் கொண்டுவந்து குவித்து வைக்கிற மேட்டுக்கு அந்தப் பெயர். அங்கே ஓர் ஓலைக் கொட்டகை. அதற்குள் மேசை, நாற்காலி. வருகிற லாரியின் எண்ணையும் ஏற்றிய மூட்டையையும் எழுத வேண்டும். “நெழல் வேல”, அப்பா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டார். “எம்மவனுக்கு நெழல் வேல.”

அந்த நிழலில் மூன்று நான்கு உப்புக் காலம் உட்கார்ந்திருந்தேன்.

கழுத்துப் பொருக்கைக்கூட மறந்திருப்பேன். கீழ் உதடுதான் விடவில்லை. வெடித்தது, வெளுத்தது, ஓரமாக ஒரு புண் வந்து ஆறாமல் கிடந்தது. குழம்பு பட்டால் எரியும். பாத்தியில் வேலை செய்கிற முப்பிடாதி அத்தைக்கு அது நல்ல தீனி.

“என்ன தொர, ஒதட்ட யாரு கடிச்சா? ஊர்ல எங்களுக்குத் தெரியாம ஒருத்தி இருக்காளா?”

“உப்புக் காத்து அத்தை.”

“அந்தக் காத்து எங்களயெல்லாம் கடிக்கக் காணமே!”

ஐப்பசியில் மழை பிடித்தது. பாத்தி மூழ்கி வேலை நின்றது. வீட்டில்தான் இருந்தேன், உப்பளத்தின் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு நாள் காலை அம்மாவின் விரல் வழக்கமான இடத்தில் நின்றது.

“ஏய்யா, நீ அங்கன போவவே இல்லியே. பெறவு எப்படி உப்புப் பூக்கும்?”

அன்றைக்கு அவள் நாரை எடுக்கவில்லை. 

மறுநாள் அப்பாவும் நானும் டவுனில் உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். கல்யாண வீட்டுக்குப் போடுகிற வெள்ளைச் சட்டையை அப்பா போட்டிருந்தார். ஓ.பி. சீட்டு வாங்க ஒரு வரிசை, தோல் பிரிவுக்கு வெளியே இன்னொரு வரிசை. பெஞ்சில் இருந்தவர்கள் என்னைப் பார்த்துவிட்டு, தோல் பிரிவுக்கு இவன் வரவில்லை என்றால் வேறு யார் வருவார்கள் என்பதுபோல இடம் விட்டு உட்கார்ந்தார்கள். எனக்கு அதில் ஒரு வசதி, கால் நீட்டி உட்கார முடிந்தது.

டாக்டர் கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர், இளவயதுப் பெண்தான். லென்ஸ் வைத்துப் பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு அம்மாவைப் போலவே விரலால் தடவிப் பார்த்தார். “இது கண்ணுல படறதுக்கு முன்னாடி விரல்லதானுங்க தெரியும். உப்புத்தாள் மாதிரி இருக்குதுங்களா?” என்றார். ‘உப்பு’ என்ற சொல் காதில் பட்டதும் நானும் அப்பாவும் ஒரே நேரத்தில் தலையாட்டினோம்.

“வெயில்ல வேலைங்களா?”

நான் வாய் திறப்பதற்குள் அப்பா பதில் சொன்னார். “இல்ல டாக்டரம்மா. இவனுக்கு வெயில் ஆகாதுன்னு பொறந்தப்பவே சொல்லிட்டாவ. நாங்க இவன வெயில்ல விட்டதே கெடையாது. நெழல்லதான் வேல. நாந்தான் கேட்டு வாங்கிக் குடுத்தேன்.”

“தொப்பி போடுவாருங்களா?”

“எந்நேரமும்.”

“அதாங்க நெத்தி நல்லா இருக்குது. ஆனா பாருங்க, வந்திருக்கறது பூரா கீழ்ப்பக்கம். தாடைக்கு அடியில, மூக்குக்கு அடியில, கீழ் உதட்டுல. வெயில் மேல இருந்துதானே வரும்?” அவர் என் பக்கம் திரும்பினார். “நீங்க உக்கார்ற இடம் எப்படி இருக்கும், சொல்லுங்க.”

மேலே ஓலை, நாலு பக்கமும் திறப்பு என்றேன்.

“முன்னாடி என்ன இருக்குது?”

“அம்பாரம்.”

“அப்படின்னா?”

“உப்பைக் குவிச்சு வச்சிருக்கிறதும்மா. ஆள் உயரத்துக்கு மேல இருக்கும். அதுக்கு அந்தப் பக்கம் பாத்தி.”

“அதெல்லாம் வெள்ளையா இருக்குங்களா?”

அப்பா சிரித்துவிட்டார். “உப்பு பெறவு எப்படிம்மா இருக்கும்?”

அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது. எனக்கு அவர் முகம் தெரியவில்லை. மூச்சு நின்றது மட்டும் கேட்டது.

டாக்டர் யாரையும் குறை சொல்லவில்லை. வெள்ளையாக இருக்கிற எதுவும் வெயிலைத் திருப்பி அடிக்கும், கண்ணாடி மாதிரி என்றார். கூரை மேலேயிருந்து வருவதைத்தான் தடுக்கும். அம்பாரத்திலும் பாத்தியிலும் பட்டு எழும்புகிற வெயில் நேராக என் தாடைக்கு அடியில் வந்து விழுந்திருக்கிறது. என் தோலில் அதைத் தாங்குகிற சாயம் இல்லை.

வந்திருப்பதன் பெயர் ஆக்டினிக் கெரடோசிஸ். அவர் சொன்னதை எனக்கு விளங்கிய மட்டும் எழுதுகிறேன். வருடக்கணக்காக வெயில் படும்போது தோலின் மேலடுக்கில் உள்ள செல்கள் கெட்டுப்போய், ஒழுங்கு தப்பி வளர ஆரம்பிக்கின்றன. அதுதான் அந்தப் பொருக்கு. இது புற்றுநோய் அல்ல, அதற்கு முந்தைய படி. சில அப்படியே கிடக்கும், சில தானாகவே போய்விடும், சில புற்றாக மாறும். எது மாறும் என்று பார்த்துச் சொல்ல முடியாது. அதனால் எல்லாவற்றையும் அழித்துவிட வேண்டும். கழுத்தில் இருந்தவை பயப்படும்படி இல்லை. உதட்டுப் புண் வேறு கதை. ஆறாத புண் என்பதால், அது அந்தப் படியைத் தாண்டிவிட்டதா என்று ஒரு துணுக்கு எடுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

அன்றைக்கே எடுத்தார்கள். உதட்டில் மரத்துப்போக ஊசி. பேனா ரீஃபிள் பருமனில் வட்டமான ஒரு கத்தி. ஊசிதான் வலித்தது. தையல் ஒன்று.

பஸ்ஸில் வரும்போது அப்பா என் பக்கத்தில் இடம் இருந்தும் உட்காராமல் கம்பியைப் பிடித்து நின்றார். இறங்கி நடக்கும்போதுதான் பேசினார்.

“நானாத்தான போயிக் கேட்டு வாங்குனேன்.”

“எப்பா, நீங்க தெரிஞ்சா செஞ்சீய?”

“தெரியாமத்தான் செஞ்சேன். செஞ்சது நாந்தானே.”

உதடு மரத்திருந்ததால் என்னால் அதற்கு மேல் பேச முடியவில்லை.

சோதனை முடிவு வரும்வரை இருந்த நாட்களில் என் பயம் சாவைப் பற்றியதாக இல்லை. உதட்டை வெட்டியெடுத்துவிடுவார்களோ, பேச்சு குழறிவிடுமோ என்பதுதான். கண் மங்கலானவனுக்குப் பேச்சுதான் பாதி உலகம். தனியே இருக்கும்போது ‘ப’, ‘ம’ என்று உதடு சேர்கிற எழுத்துகளைச் சொல்லிப் பார்ப்பேன். அம்மா அடுக்களையிலிருந்து, “யார்ட்டல பேசுத?” என்பாள்.

வந்த முடிவின்படி, செல்கள் நிறையவே கெட்டிருந்தன, ஆனால் எடுத்த துணுக்கில் புற்று இல்லை. “துணுக்குலதான் இல்லைங்க” என்று டாக்டர் அழுத்திச் சொன்னார். கீழ் உதட்டின் சிவப்புத் தோல் முழுவதையும் சீவியெடுத்து, வாய்க்கு உள்ளே இருக்கிற மெல்லிய தோலை முன்னால் இழுத்துத் தைக்க வேண்டும். எடுத்த முழுத் தோலையும் சோதித்தால்தான் நிச்சயமாகச் சொல்லலாம். ஆக, இன்னொரு காத்திருப்பு.

ஆபரேஷன் தேதிக்கு முன்பே கழுத்துக்கு வைத்தியம் தொடங்கியது. தடித்திருந்த பொருக்குகளுக்கு நைட்ரஜன். பிளாஸ்க் போன்ற பாத்திரத்திலிருந்து புகை வர, குளிர்ந்த திரவத்தைப் பீய்ச்சுவார்கள். அது குளிராகத் தெரியாது, பீடி நுனியால் தொட்டதுபோல இருக்கும். பிறகு கொப்புளம் கண்டு உதிரும். மெல்லிய பொருக்குகளுக்கு ஒரு களிம்பு. அது நல்ல தோலை அவ்வளவாகச் சீண்டாமல் கெட்ட செல்களைத் தேடிப் பிடிக்கும். அதனால் கண்ணுக்குத் தெரியாமல் கிடந்ததெல்லாம் சிவந்து வெளியே வரும். என் தாடையும் கழுத்தும் தக்காளிபோல ஆகிவிட்டன. களிம்பு வேலை செய்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம், பயந்து நிறுத்தக் கூடாது என்று முன்பே சொல்லியிருந்தார்கள். தெருவுக்கு யார் சொல்வது? முப்பிடாதி அத்தை வேப்பிலைக் கொத்தோடு வந்து வாசலிலேயே நின்றுவிட்டாள்.

“ஏளா, தொரைக்கு அம்மை போட்டுருக்குன்னாவளே. மீன் கீன் ஆக்கிறாத.”

“அம்மையில்ல மதினி, ஆஸ்பத்திரி மருந்து. அது அப்படித்தான் செவக்குமாம்.”

“மருந்து போட்டா வத்தணும். செவந்தா அது என்ன மருந்து?” என்றவள், நான் வெளியே வந்ததும் குரலைத் தாழ்த்தினாள். “எரியுதாய்யா? பதநி கெடச்சா கொண்டாறேன்.” வேப்பிலையை அம்மா வாசல் நிலையில் செருகினாள். மருந்தும் வேப்பிலையும் இரண்டுமே இருக்கட்டுமே என்பது அவள் எண்ணம்.

ஆபரேஷனுக்கு உதட்டை மட்டும்தான் மரக்கச் செய்தார்கள், நினைவு இருந்தது. இழுப்பதும் தைப்பதும் தெரிந்தது, வலி தெரியவில்லை. வார்டுக்கு வந்தபோது உதடு எனக்குச் சொந்தமில்லாத ஒரு தடித்த பொருள்போல இருந்தது. காப்பீட்டு அட்டையில் செலவு அடங்கியதால் அந்தக் கவலையை வீட்டில் விட்டுவிட்டு வர முடிந்தது. இதையும் சொல்ல வேண்டும், கேட்டால் கிடைக்கிறது, கேட்பதற்கு ஒரு நாள் அலைய வேண்டும்.

ஆண்கள் வார்டு என்பதால் கூட இருக்க அம்மாவை விடவில்லை. அப்பா இருந்தார். உள்ளே இருப்பதைவிட வராந்தாவில்தான் அதிகம் இருந்தார். பக்கத்துக் கட்டிலில் தருவைகுளத்து விசைப்படகுக்காரர் ஒருவர், அந்தோணி அண்ணாச்சி. வலை இழுக்கிற கயிற்றில் கை சிக்கி நசுங்கி, கட்டோடு கிடந்தார். கையைத் தவிர எல்லாம் நன்றாக வேலை செய்தது, வாய் உட்பட.

“தம்பி, ஒனக்கு வாய் போச்சு, எனக்குக் கை போச்சு. ரெண்டு பேரும் சேந்தா ஒரு முழு ஆளு தேறும்லா?”

நான் சிரிக்கக் கூடாது, தையல் பிரிந்துவிடும். கையால் காட்டினேன்.

“சிரிக்காதல. ஆமா, வெளிய ஒருத்தர் மொறச்சிக்கிட்டே நிக்காரே, யாரு, ஒங்கப்பாவா? யாருமேல அம்புட்டுக் கோவம்?”

அவருக்கு அவர்மேலேயே கோபம் என்று நான் நினைத்தேன். வாயைத் திறந்து சொல்ல முடியாதது ஒரு வகையில் நல்லதாகப் போயிற்று.

சாப்பாடு கஞ்சிதான். உதட்டில் படாமல் வாயின் ஓரமாக, சின்னக் கரண்டியால் ஊற்ற வேண்டும். நானாக ஊற்றிப் பார்த்தேன். மங்கல் கண்ணோடும் மரத்த உதட்டோடும் பாதி சட்டையில் போனது. நர்ஸ் வராந்தாவைப் பார்த்துச் சத்தம் போட்டார். “அப்பா எங்க? புள்ளைக்கு ஊட்டாம அங்க என்ன வேடிக்கை?”

அப்பா வந்து கட்டிலில் உட்கார்ந்தார். கரண்டியைப் பிடித்து, உதட்டில் பட்டுவிடக் கூடாதே என்று குனிந்து குனிந்து, என் முகத்துக்கு ஒரு சாணுக்கும் அருகே வந்துவிட்டார். ஜன்னல் வெளிச்சம் அவர் முகத்தில் நேராக விழுந்தது. வளர்ந்த பிறகு அப்பாவின் முகத்தை நான் அவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லை. அவரும் அப்படி வருகிறவர் அல்ல.

நெற்றியில் ஆழமான கோடுகள். அதை எதிர்பார்த்திருந்தேன். கண்ணை எதிர்பார்க்கவில்லை. வெள்ளை விழியில் மூக்கோரத்திலிருந்து ஒரு சதை, சிவந்த சின்னச் சிறகுபோல, கருவிழியை நோக்கி வளர்ந்து வந்திருந்தது. மற்ற கண்ணிலும் அதே.

கரண்டியைத் தள்ளிவிட்டு அவர் கண்ணைக் காட்டினேன். “என்னது?” என்பதில் உதடு சேர்கிற எழுத்து இல்லை, எப்படியோ சொல்லிவிட்டேன்.

“அதா? அது உப்புலே. அளத்துக்காரன் கண்ணு எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும். வாயத் தொற.”

உப்பு. எங்கள் வீட்டில் எதுவானாலும் அதுதான்.

நான் வாயைத் திறக்கவில்லை. போனை எடுத்துப் பெரிய எழுத்தில் அடித்தேன். அப்பாவுக்கு வாசிக்கத் தெரியாது, அந்தோணி அண்ணாச்சியிடம் நீட்டினேன். அவர் நல்ல கையால் வாங்கி, வார்டுக்கே கேட்கும்படி படித்தார்: “‘எனக்கு அடிச்ச வெயில்தான் ஒங்களுக்கும் அடிச்சிருக்கு. ஒங்களுக்கு ஓலை கூட இல்ல.’” படித்துவிட்டு, “என்னண்ணாச்சி, பையன் கேஸ் போட்டுருக்கான், பதில் சொல்லுங்க” என்றார்.

அப்பா கஞ்சியைக் கலக்கிக்கொண்டே இருந்தார். அதன்பிறகு வராந்தாவுக்குப் போகவில்லை.

தையல் பிரித்த அன்று முழு முடிவும் வந்தது. டாக்டர் காகிதத்தை முழுக்கப் படித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார். “ஓரம் எல்லாம் சுத்தமா இருக்குதுங்க. புற்று இல்ல. ஆனா வருஷம் பூரா வந்து காட்டோணும், புதுசா வரும், வர வர எடுத்துடலாம்.” பிறகு சன் கிரீம், குடை, வேலை இடத்தை மாற்றுவது என்று வரிசையாகச் சொன்னார். நான் கேட்டுக்கொண்டே அப்பாவின் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினேன்.

“இவங்க கண்ணையும் பாருங்க டாக்டர்.” ஆபரேஷனுக்குப் பிறகு நான் தெளிவாகப் பேசிய முதல் முழு வாக்கியம் அது. எழுத்து ஒன்றும் குழறவில்லை.

“எனக்கு என்ன, நான் நல்லாத்தான் இருக்கேன்” என்று அப்பா பின்வாங்கினார். டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, கண் பிரிவுக்குச் சீட்டு எழுதினார். வெயிலும் காற்றும் உப்புத் தூசியும் படப்பட வளர்கிற சதை அது. இன்னும் பார்வையை மறைக்கும் அளவுக்கு வரவில்லை, வந்தால் எடுக்க வேண்டும். இப்போதைக்குச் சொட்டு மருந்தும், பக்கவாட்டிலும் மறைக்கிற கறுப்புக் கண்ணாடியும் என்றார்கள் அங்கே. அந்த வரிசையில் சீட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது நான். எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே கடையில் கண்ணாடி வாங்கினோம்.

தை கழிந்து உப்பளம் தொடங்கியது. முதலாளியிடம் இந்த முறை நானே போய்ப் பேசினேன். இப்போது லாரி எடை போடுகிற அறைக்குள் இருக்கிறேன். அங்கேயும் ஜன்னல் அம்பாரத்தைப் பார்த்துத்தான் இருந்தது, கறுப்புத் துணி அடித்துவிட்டேன். கொட்டகையில் இப்போது யாரும் உட்காருவதில்லை, சைக்கிள் நிறுத்துகிறார்கள்.

அப்பா கண்ணாடியைச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தார். “நான் என்ன சினிமாக்காரனா?” என்பார். ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் நானே எடுத்து மாட்டிவிட்டேன். கழற்றிவிடுவார் என்று காத்திருந்தேன். அவர் பாத்திக் கரையில் நின்று கொஞ்ச நேரம் அம்பாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏலே” என்றார். “இம்புட்டு நாளும் கண்ணச் சுருக்கிக்கிட்டே இருந்திருக்கேன்லே. இப்பத்தான் தெரியுது.”

கூடையோடு வந்த முப்பிடாதி அத்தை நின்றுவிட்டாள். “ஒரு தொரைக்கே சோறு வடிக்க முடியல, இப்ப ரெண்டா?” என்று தொடங்கியவள், கேலியை முடிக்காமல் என் பக்கத்தில் வந்தாள். எனக்கு அந்தத் தூரத்தில் தெரியாது என்று அவளுக்குத் தெரியும்.

“ஏய்யா, ஒங்கப்பன் மொகத்துல கோவத்தையே காணும். சும்மா நிக்கான், சிரிக்க மாதிரியே இருக்கு.”